டொக்டர் சூசன் லா பிளெஷ் (1865–1915)

எம்மில் விஞ்ஞானம் படித்தவர்கள், 1882 இல் சயரோகக் கிருமியைக் கண்டறிந்த ரொபேட் கொக்கை மறந்திருக்க மாட்டார்கள். அக்கிருமி எவர் நெஞ்சிலும் புகக்கூடியது. ஆயினும் எல்லா இனத்தவரையும் அது ஒரே அளவில் கொன்றதில்லை. தம் சொந்த மக்களிடையே அதைக் கண்டு போராடிய பெண் வைத்தியர் ஒருவரை இம்மலரில் நினைவுகூருகிறோம்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஓமாஹா பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலத்திற் பிறந்தவர் சூசன். தந்தையார் அக்குடியின் தலைவர். சூசன் சிறுமியாயிருந்தபோது, நோயுற்ற ஒரு பெண்ணின் அருகே இரவிரவாக இருந்தார். வெள்ளைக்கார வைத்தியருக்கு நான்கு தடவை ஆள் அனுப்பியும் அவர் வரவில்லை. அப்பெண் இறந்துபோனார்.

1886 இல் சூசன் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அதே ஆண்டில் அங்கு பட்டம் பெற்றவர்தான் இந்தியாவின் ஆனந்திபாய் ஜோஷி. இருவரும் 1865 இற் பிறந்தவர்கள். ஆனந்திபாய் ஊர் திரும்பி, 1887 இல் சயரோகத்துக்கே இரையானார்.

சூசன் 1889 இல் வகுப்பில் முதல்வராகத் தேறி, தம் மக்களிடமே திரும்பினார். ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் அவர் ஒருவரே வைத்தியர். குதிரையிலும் வண்டியிலும் வீடு வீடாகப் போனார். உடல்நலங் குன்றி 1893 இல் அப்பதவியை விட்டாலும் வைத்தியத்தை விடவில்லை.

பழங்குடியினரின் உடம்பே சயரோகத்துக்கு இடங்கொடுப்பது என்று அக்காலத்தில் பலர் கருதினர். ஆனால் எருமை வேட்டை அற்றுப்போய், குறுகிய நிலத்தில், காற்றோட்டமில்லாத வீடுகளில் நெருங்கி வாழ நேர்ந்தவர்கள் அவர்கள். பாடசாலையிலோ பிள்ளைகள் எல்லோருக்கும் தண்ணீர் குடிக்க ஒரே குவளை! சூசனின் கணவர் ஹென்றி பிக்கொட்டையும் 1905 இல் அந்நோய் கொண்டுபோனது. 1907 இல் சூசன் அரசாங்கத்தின் உதவி கேட்டு எழுதினார். பணமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

மருந்து இல்லாத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940களில்தான். யன்னலைத் திறவுங்கள், பொதுக் குவளையை ஒழியுங்கள், ஈக்களைக் கொல்லுங்கள் என்று ஊரூராகச் சொல்லித் திரிந்தார். ஈயின் மேல் அவர் போட்ட பழி சரியல்ல. யன்னல் விடயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி.

அரசாங்கம் கொடுக்காத பணத்தைத் திருச்சபையிடமும் கொடையாளரிடமும் திரட்டி, 1913 இல் வோல்ட்ஹில் என்ற ஊரில் வைத்தியசாலை ஒன்றைத் திறந்தார். பழங்குடியினர், வெள்ளையர் இரு சாராருக்கும் அங்கே இடமிருந்தது. 1915 செப்டெம்பரில், ஐம்பதாவது வயதில், எலும்புப் புற்றுநோயால் மறைந்தார். கட்டடம் இன்றும் நிற்கிறது. அமெரிக்கப் பழங்குடியினரிடையே சயரோகம் இன்றும் வெள்ளையரிடையே உள்ளதைவிடப் பல மடங்கு.