ஹோசே மரியா ஆர்கெதாஸ்

ஹோசே மரியா ஆர்கெதாஸ் (ஜனவரி 18, 1911 – டிசம்பர் 2, 1969) தென் அமெரிக்க நாடான பெருவைச் சேர்ந்த எழுத்தாளரும் மானிடவியலாளரும் ஆவார். அந்நாட்டின் பழங்குடி மொழியான கெச்சுவாவின் இயல்பை, குடியேற்றவாதிகளின் மொழியான ஸ்பானியத்தில் கொண்டுவர முயன்றவர் என அறியப்படுகிறார்.

இளமை

ஆர்கெதாஸ் பெருவின் தென்பகுதி மலைநகரான அந்தவைலாசில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று பணிபுரிந்த வழக்கறிஞர். சிறு வயதிலேயே தாயை இழந்த இவரை, நிலவுடைமையாளரான மாற்றாந்தாய் வேலையாட்களுடன் சமையலறையில் தங்கவைத்தார். கெச்சுவா பேசிய அவ்வேலையாட்களே இவரை அன்புடன் வளர்த்தனர். இதனால் ஸ்பானியம் பேசும் குடும்பத்தில் பிறந்த இவருக்குக் கெச்சுவா மிக நெருக்கமான மொழியாயிற்று. 1931 இல் லிமாவிலுள்ள சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

மொழிச் சிக்கல்

1780 இல் தொடங்கிய இரண்டாம் துபாக் அமாருவின் கிளர்ச்சியை ஒடுக்கிய ஸ்பானிய அரசு, கெச்சுவா மொழிக்குத் தடைகள் விதித்தது. பெரு விடுதலை பெற்ற பின்னரும் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் ஸ்பானியமே நிலைத்தது. கெச்சுவாவில் எழுதினால் படிப்போர் மிகச் சிலர். வழக்கமான ஸ்பானியத்தில் எழுதினால் மலைவாழ் மக்களின் குரல் மறைந்துவிடும். இச்சிக்கல் ஆர்கெதாசை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

படைப்புகள்

அகுவா (தண்ணீர், 1935) என்னும் முதற் சிறுகதைத் தொகுதியில் கெச்சுவாவின் சொல்லமைப்பைத் தழுவி ஸ்பானிய வாக்கியங்களை அமைத்தார். லோஸ் ரியோஸ் புரொபுந்தோஸ் (ஆழமான ஆறுகள், 1958) புதினம் பெரும்பாலும் சீரான ஸ்பானியத்தில் அமைந்தது. எனினும் அதில் கெச்சுவாப் பாடல்கள் மொழிபெயர்ப்புடன் இடம்பெற்றன. பம்பரத்தைக் குறிக்கும் ஒரு கெச்சுவாச் சொல்லின் ஒலியையும் பொருளையும் விளக்கியே ஓர் அத்தியாயம் தொடங்குகிறது. 1962 இல் துபாக் அமாருவைப் பற்றிய கவிதையைக் கெச்சுவாவிலேயே வெளியிட்டார். வாரோச்சிரி பகுதியின் தொன்மங்களைக் கூறும் பழைய கெச்சுவாக் கையெழுத்துப்படியை 1966 இல் ஸ்பானியத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்.

இறுதிக் காலம்

நீண்டகாலம் மனச்சோர்வால் துன்புற்ற ஆர்கெதாஸ், 1969 நவம்பர் 28 இல் தற்கொலைக்கு முயன்று, நான்கு நாட்களின் பின் லிமாவில் இறந்தார். மலைகளிலிருந்து சிம்போத்தே துறைமுகத்தில் குடியேறிய மக்களைப் பற்றிய இவரது இறுதிப் புதினம், முற்றுப்பெறாத நிலையில் 1971 இல் வெளிவந்தது.

இறப்பின் பின்

1975 இல் பெரு அரசு கெச்சுவாவை ஸ்பானியத்துடன் ஆட்சிமொழியாக அறிவித்தது. 1993 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பழங்குடி மொழிகளுக்கு அவை மேலோங்கியுள்ள பகுதிகளில் மட்டுமே இத்தகுதியை அளிக்கிறது. 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 37 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கெச்சுவாவைத் தாய்மொழியாகப் பதிவு செய்தனர்.