வேலையைக் கணக்கிட்ட மகலனோபிஸ்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்று திரும்புகையில், கப்பலில் படித்த புள்ளியியல் இதழ்கள் அவர் வாழ்வின் திசையை மாற்றின. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார்.

விடுதலை பெற்ற நாட்டில் எத்தனை பேர் வேலையின்றி இருந்தனர் என்பதற்குச் சரியான கணக்கில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டில் நகரத்தார் பெயரே மிகுதி. சிற்றூர்க் கூலியாளர் பெயர் அதில் அரிது. வீடுதோறும் சென்று எண்ணவோ பொருளும் ஆளும் போதா. வங்காளத்தில் சில வயல்களை மட்டும் அளந்தே சணல் சாகுபடிப் பரப்பைக் கணித்த மகலனோபிஸ், அதே மாதிரிமுறையை மக்கள் வாழ்வை அறியவும் பயன்படுத்தினார். 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒரே பகுதியை இரு குழுக்கள் தனித்தனியே ஆராய வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. இரண்டின் விடைகளும் பெரிதும் வேறுபட்டால் பிழை வெளிப்பட்டுவிடும் அன்றோ!

1955இல் வேலைவாய்ப்புப் பற்றியும் நாடெங்கும் வினவப்பட்டது. அஃது எளிய வினாவன்று. அறுவடையில் ஓயாது உழைப்பவர் கோடையில் வேலையின்றி இருப்பார். சொந்த நிலத்தில் அரைநாள் உழைப்பவரை எவ்வகையில் சேர்ப்பது? பருவமும் தொழிலும் மாநிலந்தோறும் வேறுபட்டன. ஒருமுறை எண்ணினால் போதாது. மீண்டும் மீண்டும் எண்ணினாலன்றி மாற்றம் புலப்படாது.

மகலனோபிஸ் 1972 ஜூன் 28 அன்று மறைந்தார். 2011-12 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்டுவந்த விரிவான வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு அவ்வாண்டிலேயே தொடங்கியது.