25 ரூபாய் பங்கில் ஓடிய கப்பல்

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வ.உ.சிதம்பரம் பிள்ளைன்னா கப்பல் ஓட்டினவரு, செக்கு இழுத்தவருன்னு மட்டும்தான் தெரியும். மலருக்கு எழுதணும்னு நூலகத்துப் புத்தகத்தை எடுத்துப் படிச்சப்பதான், அவர் கப்பல் வாங்கின விதம் நம்ம குழு நடத்துற விதம் மாதிரியே இருக்கேன்னு தோணிச்சு.

அவர் 1872 செப்டம்பர் 5-ல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்போது ஓட்டப்பிடாரம், தூத்துக்குடி எல்லாம் நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். அப்பா உலகநாத பிள்ளை, அம்மா பரமாயி அம்மாள். படிச்சு வக்கீல் ஆனார். ஏழைகளுக்காக வாதாடுகிறவர் என்று பேர் எடுத்தார்.

அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் வெள்ளைக்காரன் கம்பெனிக் கப்பல்தான் ஓடும். நம்ம ஆட்களே சேர்ந்து ஒரு கம்பெனி நடத்தினால் என்ன என்று நினைத்து, 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மொத்த முதல் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. ஒரே பணக்காரர் கையில் இல்லாமல் பலர் போட்ட பணத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் திட்டம். ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பவர் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்து சேர்ந்தது.

வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தைக் குறைச்சான். கடைசியில் சும்மாவே ஏத்திட்டுப் போறேன், குடையும் தாரேன்னான். கம்பெனிக்கு நஷ்டம் வந்தாலும் நம்ம கப்பல் ஓடிக்கிட்டுதான் இருந்தது.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் கூலி உயர்வும் வார லீவும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது கூடவே நின்று ஜெயிக்க வைத்தார். நம்ம தாமிரபரணி ஆற்றங்கரையில் கூட்டம் போட்டுப் பேசினார். மார்ச் 12-ல் பிடித்து உள்ளே போட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி ஊரே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். அவருக்கு 40 வருஷ தண்டனை. அந்த அதிர்ச்சியில் அவர் தம்பிக்குப் புத்தி பேதலித்துப் போனது. மனைவி மீனாட்சி அம்மாள் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அப்பீலுக்கு அலைந்தார். பிறகு தண்டனை 6 வருஷம் ஆனது. கோயம்புத்தூர் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள்.

1912 டிசம்பரில் வெளியே வந்தார். ஆனால் 1911-லேயே கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். காலியா கப்பலைப் போட்டிக் கம்பெனிக்கே விற்றும்விட்டார்கள். இதைப் படிச்சப்ப செக்கு இழுத்ததைவிட இதுதான் எனக்கு வலிச்சது.

வக்கீல் சன்னதும் போய், சென்னையில் குடும்பம் கஷ்டப்பட்டது. வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார். இன்று அந்தத் துறைமுகத்துக்கே அவர் பேர்தான்.

எனக்குத் தோணினதைச் சொல்லுதேன். பங்கு போட்டவங்க நிறைய பேரு, ஆனா பாரம் சுமந்தது ஒருத்தரு. அவரைத் தூக்கினதும் கப்பல் நின்னு போச்சு. எங்க குழுவுலயும் ஒரு அக்காதான் எல்லாக் கணக்கும் எழுதுவாங்க. அவங்க ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தப்ப யார் எவ்வளவு கட்டணும்னுகூட எங்களுக்குத் தெரியல. கூட்டமும் நடக்கல. இப்ப மாசத்துக்கு ஒருத்தரா நாங்களே பேரேடு எழுதுதோம். அடித்தல் திருத்தல் நிறைய இருக்கு. அந்த அக்கா பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டு மட்டும் இருக்காங்க. போன மாசம் எழுதினது நான்தான். கணக்கு பைசா பிசகாம நேரா வந்துச்சு.