விலையின்றி வழங்கிய சீகன்பால்கு

எலெக்ட்ரானிக் சிட்டியில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இலவசம் என்னும் சொல் புதிதன்று. முதல் மாதம் கட்டணமின்றித் தந்து, மறு மாதம் முதல் பணம் கேட்கும் மென்பொருள்களை ஆக்குவோர் நம்மிடையே பலர் உளர். ஈகை எங்கே முடிகிறது, ஆள் சேர்ப்பது எங்கே தொடங்குகிறது என்னும் இவ்வினா, முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே ஒருவரைத் தரங்கம்பாடியில் வாட்டி வதைத்தது. அவரே பர்த்தலோமேயு சீகன்பால்கு.

ஜெர்மனியின் சாக்சனி நாட்டில், புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682 ஜூலை 10இல் பிறந்தவர் இவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, தோழர் புளுட்சோவுடன் 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். அன்று அவருக்கு 24 வயது நிறைய ஒரு நாள் குறைவு!

முதியவரான தமிழாசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். பின்னர்த் தாமே பள்ளிகள் நிறுவினார். பெண் குழந்தைகளுக்கென 1707இல் ஒரு பள்ளி தோன்றியது. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் விலையின்றிக் கிடைத்தன. சோற்றுக்காகவே மதம் மாறினர் என்று ஏசியோர் உண்டு. ஆனால் மதம் மாறியவர் பலர் உற்றாரையும் பிழைப்பையும் இழந்து நின்றனர் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் தலையிட்டு, டேனிஷ் ஆளுநர் ஹாசியுசின் சினத்திற்கு ஆளாகி, 1708இன் இறுதியில் சிறை புகுந்து நான்கு திங்கள் கிடந்தவரும் இவரே.

இத்தனைக்கும் பொருள் எங்கிருந்து வந்தது? ஹாலே நகரில் அநாதை இல்லம் நடத்திய பிராங்கே என்பவர், மருந்தும் நூலும் விற்று அறம் வளர்த்த கைதேர்ந்த நிர்வாகி. அவர் தரங்கம்பாடிக் கடிதங்களை 1710 முதல் அச்சிட்டுப் பரப்பினார். படித்தோர் மனமிரங்கிப் பணம் அனுப்பினர். இலண்டன் சங்கம் ஒன்று அச்சுப்பொறி அனுப்பியது. ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரியனவாயிருந்து தாளை விழுங்கவே, சிற்றெழுத்துகளை இங்கேயே வார்த்தனர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. சிறு நூல்கள் பல ஊரூராய் இலவசமாக வழங்கப்பெற்றன.

கொடுப்போர் மனம் கோணாதிருக்க வேண்டுமே! தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி இவர் அரிதின் முயன்று எழுதி 1713இல் அனுப்பிய நூலை ஹாலேயார் அச்சிடவில்லை.

இறுதி அடி கோபன்ஹேகனிலிருந்து விழுந்தது. அங்கே மிஷன் செயலராயிருந்த வெண்ட் என்பார், திருத்தூதர் பொருளின்றியே சென்றனர் அன்றோ, பள்ளிக்கும் கட்டடத்திற்கும் உணவிற்கும் ஏன் இத்துணைச் செலவு என்று கடிந்தெழுதினார். பசித்த குழந்தையை எதிரே கண்டிராத ஒருவர் எழுதிய கடிதம் அது என்றே நமக்குத் தோன்றுகிறது. முன்னமே நலிந்திருந்த உடல் மேலும் தளர்ந்தது. 1719 பிப்ரவரி 23இல், தம் 36ஆம் வயதில் காலமானார். முந்திய ஆண்டு தாம் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

ஹாலேயில் உறங்கிய அத்தெய்வ நூல், 1867இல் சென்னையில் அச்சாயிற்று.