ஸ்மூட்-ஹாலி வரி: அந்த ஸ்மூட் யார்?

அமெரிக்க வரி பற்றிய செய்திகளில் 'ஸ்மூட்-ஹாலி' என்ற பெயர் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அதில் வரும் ஸ்மூட் யாருன்னு தெரியுமா?

ரீட் ஸ்மூட் 1862இல் யூட்டாவில் பிறந்தவர். வணிகர், மோர்மன் தேவாலயத்தின் மூத்த தலைவர்களில் ஒருவர். 1903இல் குடியரசுக் கட்சியின் செனட்டரானார். உள்ளே போனதுமே சிக்கல்! பலதார மணத்தை அவருடைய தேவாலயம் உண்மையிலேயே கைவிட்டதா என்ற கேள்வி எழுந்தது. இத்தனைக்கும் அவருக்கு ஒரே மனைவிதான். விசாரணை 1907 வரை இழுத்தது. பதவி தப்பியது.

30 ஆண்டு செனட்டில் இருந்தார். தேசியப் பூங்காச் சேவையை உருவாக்கிய 1916ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு. ஆனால் மனசெல்லாம் சொந்த மாநிலத்தில்தான். அங்கு விவசாயிகள் பீட் கிழங்கு பயிரிட்டார்கள். அதிலிருந்து சர்க்கரை எடுக்கப்பட்டது. வெளிநாட்டுச் சர்க்கரைக்கு வரி போட்டால் அவர்கள் பிழைப்பார்கள் என்று நம்பினார்.

1930இல் அந்த நம்பிக்கை சட்டமானது. ஆயிரத்துக்கும் அதிகமான பொருளியல் நிபுணர்கள் வேண்டாம் என்றார்கள். அதிபர் ஹூவர் கையெழுத்திட்டார்.

அப்புறம் என்ன ஆச்சு? கனடா போன்ற நாடுகள் பதிலுக்கு வரியை உயர்த்தின. பொருளியல் மந்தம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் சட்டம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது என்பதே பெரும்பாலான நிபுணர்களின் கணிப்பு. ஏற்றுமதியை நம்பிய அமெரிக்க விவசாயிகளுக்கும் அடி விழுந்தது.

1932இல் ஸ்மூட் தோற்றார், 1941இல் காலமானார். சொந்த ஊரைக் காக்கப் போட்ட வரி ஊரோடு நிற்காது. அதை நினைவூட்டத்தான் அவர் பெயர் இன்றும் செய்தியில் வருகிறது.