சட்டத்தைத் தமிழாக்கிய முன்சீப்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றதும் தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் (1879) நம் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே அவர் வெளியிட்ட ஒரு சட்ட நூலை நம்மில் பலர் அறியோம். நாவலைவிட அதுவே பெரிய சேவை என்பது என் எண்ணம்.

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில், 1826 அக்டோபர் 11 அன்று கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்பு மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, 1857-இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள் அப்பதவி வகித்தார்.

அந்நாளில் சென்னை சதர் அதாலத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. நிலத்தையும் வீட்டையும் பறிகொடுத்தவனுக்கு எந்த விதியால் பறிபோனது என்றே விளங்காது. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூலாக வெளியிட்டார் வேதநாயகர். உயர் நீதிமன்றம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இது எளிய வேலையன்று. ஆங்கிலத்தில் விதியை முதலில் சொல்லிவிட்டு நிபந்தனைகளைப் பின்னால் அடுக்கலாம். தமிழில் வினை கடைசியில் வருவதால் நிபந்தனைகள் எல்லாம் முன்னே வந்து நெருக்கும். எந்த நிபந்தனை எந்த விதிக்கு உரியது என்று தெளிந்து, வாக்கியத்தை உடைத்தால்தான் பொருள் நிற்கும்.

நம் புழல் சிறையையே எடுத்துக்கொள்வோம். மகனுக்கு ஜாமீன் கிடைத்து ஒரு தாய் வாசலில் காத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் மதுரையில் தங்கி இரண்டு வாரம் தினமும் காலை 10 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்கிறது உத்தரவு. இரண்டு வாரம் என்பது கையெழுத்துக்கு மட்டுமா, மதுரையில் தங்குவதற்கும் சேர்த்தா? பதினைந்தாம் நாள் அவன் வீடு திரும்பலாமா? தவறாகப் புரிந்துகொண்டால் ஜாமீன் ரத்தாகலாம், மறுபடியும் புழல்தான். தங்குவதற்கு ஒரு வாக்கியம், கையெழுத்துக்கு ஒரு வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் அதனதன் காலக்கெடு என்று எழுதியிருந்தால் இந்தக் கலக்கமே இல்லை.

தமிழ் நீதிபதி முன் தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதை வேதநாயகர் தம் நாவலில் கடுமையாகக் கேலி செய்தார். 1876-78 பஞ்சத்தில் தம் பொருளைப் பசித்தோருக்கு வாரி வழங்கியவர், 1889 ஜூலை 21 அன்று மறைந்தார். உயர் நீதிமன்றத்தில் தமிழைப் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்று 2006-இல் தமிழக சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த அனுமதி இன்னும் வரவில்லை.