சைதன்ய மகாபிரபு
சைதன்ய மகாபிரபு (பெப்ரவரி 18, 1486 – 1534) வங்காளத்தில் தோன்றிய வைணவத் துறவியும் கௌடிய வைணவ மரபின் முதல்வரும் ஆவார். கிருஷ்ணரின் திருப்பெயரைக் கூட்டமாகப் பாடி ஆடும் சங்கீர்த்தன வழிபாட்டைப் பரப்பியவராகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். புராணங்கள் கூறும் கிருஷ்ணரின் இளமைக்கால இடங்களை மதுராவைச் சுற்றியுள்ள விரஜ பூமியில் நேரில் தேடிச் சென்றதும், அத்தேடலைத் தொடரத் தம் மாணவர்களை அங்கு அனுப்பியதும் இவரது மற்றொரு முக்கிய பணியாகும்.

இளமை

இவர் கங்கைக் கரையிலுள்ள நவத்வீபத்தில் ஜெகந்நாத மிஸ்ரர், சசிதேவி ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் விசுவம்பரர். நிமாய் என்பது செல்லப்பெயர். சமஸ்கிருத இலக்கணத்தில் புலமை பெற்று, சொந்தமாகப் பாடசாலை நடத்தினார். முதல் மனைவி இலட்சுமிப்பிரியா இளம் வயதில் இறந்தபின் விஷ்ணுப்பிரியாவை மணந்தார்.

தந்தைக்கு நீத்தார் கடன் செய்யக் கயைக்குச் சென்றது இவரது வாழ்வின் திருப்புமுனையாகும். கயாசுரன் என்னும் அசுரனைத் திருமால் தம் காலால் அழுத்திய இடம் எனப் புராணம் கூறும் தலம் அது. அங்கு ஈசுவர புரி என்னும் துறவியிடம் கிருஷ்ண மந்திர உபதேசம் பெற்றுத் திரும்பியவர், பாடம் சொல்வதை விட்டுப் பக்தியில் ஆழ்ந்தார். 1510 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 24 வயது நிறைவதற்குச் சற்று முன், கட்வா என்னும் ஊரில் கேசவ பாரதியிடம் துறவு பூண்டு கிருஷ்ண சைதன்யர் என்னும் பெயர் பெற்றார். தம்மைப் பற்றிய செய்தி எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்ற தாயின் விருப்பப்படி ஒரிசாவின் புரி நகரில் தங்கினார் என்பர்.

தென்னாட்டுப் பயணம்

துறவு பூண்ட சில மாதங்களில் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பயணம் செய்தார். கோதாவரிக் கரையில் கஜபதி அரசரின் அதிகாரியான இராமானந்த ராயரைச் சந்தித்தார். திருவரங்கத்தில் மழைக்காலம் நான்கு மாதங்களும் வேங்கட பட்டர் என்பவர் இல்லத்தில் தங்கினார். அவ்வீட்டுச் சிறுவனான கோபால பட்டர் பின்னாளில் பிருந்தாவனத்தின் ஆறு கோசுவாமிகளுள் ஒருவரானார். இராமாயணத்தோடு தொடர்புடைய இராமேசுவரத்திற்கும் சென்றார். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பிரம்ம சம்ஹிதை என்னும் நூலின் ஒரு பகுதி இவருக்குக் கிடைத்தது என மரபு கூறுகிறது.

விரஜ பூமியில்

1515 ஆம் ஆண்டளவில் காடுகளின் வழியாகக் காசி, பிரயாகை ஆகிய தலங்களைக் கடந்து மதுராவை அடைந்தார். விரஜத்தின் பன்னிரண்டு வனங்களையும் சுற்றிப் பார்த்தார். ஆரிட் என்னும் சிற்றூரில் ராதா குண்டம் எங்கே எனக் கேட்டபோது, ஊராருக்கோ உடன் வந்த வழிகாட்டிக்கோ தெரியவில்லை. அங்கிருந்த நெல்வயல்களில் தேங்கிய சிறிதளவு நீரையே புனித நீர்நிலையாகக் கொண்டு நீராடினார். பின்னர் அவ்விடம் குளமாக வெட்டப்பட்டது. கோவர்த்தன மலையைக் கிருஷ்ணரின் திருமேனியாகக் கருதியதால் அதன்மீது ஏறவில்லை. படைத் தாக்குதலுக்கு அஞ்சிய ஊரார் மலைமேல் இருந்த கோபாலர் திருவுருவத்தைக் கீழே ஒரு சிற்றூருக்குக் கொண்டுவந்திருந்தனர். அங்கேயே அதனை வழிபட்டார்.

இவர் விரஜத்தில் நீண்டகாலம் தங்கவில்லை. வங்காளச் சுல்தானிடம் உயர்பதவி வகித்துத் துறந்த ரூபர், சனாதனர் என்னும் சகோதரர்களிடம் அப்பணியை ஒப்படைத்தார். மறைந்த இடங்களைக் கண்டறிதல், வழிபாட்டை நிலைநாட்டல், பக்தி நூல்கள் இயற்றல் ஆகியவை அவர்களுக்கு இடப்பட்ட கடமைகள். ரூபர் நிறுவிய கோவிந்ததேவர் வழிபாட்டிற்காக ஆம்பேர் அரசர் மான்சிங் 1590 இல் செந்நிறக் கல்லால் பெருங்கோயில் எழுப்பினார். அத்திருவுருவம் 17 ஆம் நூற்றாண்டில் பாதுகாப்புக்காக அகற்றப்பட்டுப் பின்னர் செய்ப்பூரை அடைந்தது.

இறுதிக்காலமும் தாக்கமும்

வாழ்வின் எஞ்சிய ஆண்டுகளைப் புரியிலேயே கழித்து, 1534 இல் மறைந்தார். இவர் இயற்றியவையாகக் கொள்ளப்படுவன சிட்சாஷ்டகம் எனப்படும் எட்டுச் செய்யுள்களே. பயணங்கள் பற்றிய விரிவான செய்திகள், மறைவுக்குப் பின் கிருஷ்ணதாச கவிராயர் வங்காள மொழியில் எழுதிய சைதன்ய சரிதாமிர்தம் முதலிய நூல்களிலிருந்தே கிடைக்கின்றன. பக்தர்கள் எழுதிய நூல்களாதலால், அவற்றில் வரலாறும் நம்பிக்கையும் கலந்துள்ளன.

விரஜத்தின் தலங்கள் முற்றிலும் மறக்கப்பட்டிருந்தன எனக் கூறிவிட முடியாது. மதுரா பழங்காலந்தொட்டே யாத்திரைத் தலமாக விளங்கியது. வராக புராணமும் அதன் வனங்களைக் குறிப்பிடுகிறது. இதே காலத்தில் வல்லபாசாரியாரின் மரபினரும் அங்கு பணியாற்றினர். ஆயினும் புராணத்தில் பெயராக மட்டும் இருந்த பல இடங்கள், மக்கள் நடந்து சென்று காணக்கூடிய குளங்களாகவும் கோயில்களாகவும் அமைந்ததில் சைதன்யரின் மாணவர்களுக்குப் பெரும் பங்குண்டு. இன்றும் நடைபெறும் 84 குரோச விரஜ யாத்திரையில் இவ்விடங்கள் பலவும் அடங்கும்.